கடைசிப் பந்திக்கும் ஒரு ஜெபம்

லூக்கா எழுதின சுவிசேஷத்தின் 14ஆம் அதிகாரத்தில் இயேசு கல்யாண வீட்டில் உட்காரும் இடத்தைப் பற்றிப் பேசுகிறார். பரிசேயர் தலைவர் ஒருவர் வீட்டில் ஓய்வுநாள் சாப்பாடு. வந்தவர்கள் முண்டியடித்துக்கொண்டு முதல் இடங்களைப் பிடிப்பதை அவர் பார்த்துக்கொண்டிருக்கிறார். கல்யாணத்துக்குப் போனால் முன்னால் போய் உட்காராதே. உன்னைவிடப் பெரியவர் வந்துவிட்டால் வீட்டுக்காரர் உன்னை எழுப்பிவிடுவார், எல்லார் முன்னாலும் வெட்கப்பட்டுக் கடைசிக்குப் போவாய். நீயே கடைசியில் போய் உட்கார்ந்தால் வீட்டுக்காரர் வந்து மேலே கூட்டிக்கொண்டு போவார் என்கிறார். ஞாயிறு பள்ளியில் இதைப் பணிவு பற்றிய பாடமாகத்தான் வைத்திருப்பார்கள். விருந்தாளிக்குச் சொன்ன புத்தி என்று பிள்ளைகளும் படித்துவிட்டுப் போய்விடும். ஆனால் அந்தக் கதையில் வீட்டுக்காரர் என்று ஒருவர் இருக்கிறார். யாரை எழுப்ப வேண்டும், யாரை மேலே கூப்பிட வேண்டும் என்று தீர்மானிக்கிறவர் அவர்தான். என் மகள் கல்யாணத்துக்கு மண்டபம் பார்க்கப் போன அன்றிலிருந்து எனக்கு அந்த வீட்டுக்காரர் ஞாபகமாகவே இருந்தது. அவள் அப்பா உயிரோடு இல்லை. எங்கள் வீட்டில் அந்த இடத்தில் நிற்க வேண்டியவள் நான்.

பாளையங்கோட்டையில் மண்டபங்களுக்குக் குறைவில்லை. நாங்கள் பார்த்ததில் மேலே மேடை, முன்வரிசையில் வெல்வெட் சோபா, அதற்குப் பின்னால் துணி போர்த்திய பிளாஸ்டிக் நாற்காலிகள். கீழே டைனிங் ஹால், ஒரு பந்திக்கு 200 பேர். எங்கள் கணக்கு 800 பேர். ஆக நாலு பந்தி. மேனேஜர் கடைசியாக ஒரு கண்ணாடிக் கதவைத் திறந்து காட்டினார். உள்ளே ஏசி, வெள்ளை விரிப்பு போட்ட மேஜைகள், 40 பேர் உட்காரலாம்.

“இது வி.ஐ.பி. டைனிங், டீச்சர். சம்பந்தி வீட்டார், ஆபீசர்மார், குருவானவர் எல்லாரையும் இங்கன உட்கார வச்சிரலாம். கூட்டத்துல கெடந்து இடிபட வேண்டாம் பாருங்க.”

என் அண்ணனுக்கு அது உடனே பிடித்துப்போயிற்று. எனக்கு அந்தக் கண்ணாடிக் கதவு உறுத்தியது. ஏன் உறுத்துகிறது என்று அண்ணனுக்குச் சொல்லத்தான் வேண்டியிருந்தது; ஏனென்றால் அவன் கேட்ட கேள்வி நியாயமானது. “பெரியவங்களுக்கு மரியாதை செய்யறது பாவமா? வேதத்துல எங்க போட்டிருக்கு?”

வேதத்தில் போட்டிருக்கிறது. யாக்கோபு தம் நிருபத்தின் 2ஆம் அதிகாரத்தில் எழுதியிருப்பது ஏறக்குறைய நம் மண்டபத்துச் சோபாவைப் பற்றித்தான். சபை கூடியிருக்கிற இடத்துக்குப் பொன்மோதிரமும் பளபளப்பான உடுப்புமாக ஒருவர் வருகிறார். அழுக்குத் துணியோடு ஏழை ஒருவரும் வருகிறார். முதலாமவருக்கு நல்ல இருக்கை. இரண்டாமவர் நிற்கலாம், இல்லையென்றால் காலடியில் உட்காரலாம். இப்படிப் பிரிக்கிறவர்களை யாக்கோபு கெட்ட நினைப்போடு தீர்ப்புச் சொல்லும் நீதிபதிகள் என்று கண்டிக்கிறார். இத்தனைக்கும் அங்கே யாரும் யாரையும் திட்டவில்லை, அடிக்கவில்லை. நாற்காலியைக் காட்டினார்கள், அவ்வளவுதான்.

ஆனாலும் அண்ணன் கேட்டதில் பாதி மிஞ்சியிருந்தது. 800 பேரை ஒரே நேரத்தில் உட்கார வைக்க முடியாது. யாரோ முந்தி உட்கார்ந்தே ஆக வேண்டும், யாரோ காத்திருந்தே ஆக வேண்டும். இயேசுவின் கதையிலும் முதல் இடம் ஒழிக்கப்படவில்லை. விருந்தாளி அதைத் தானாக எடுத்துக்கொள்ளக் கூடாது, வீட்டுக்காரர் கொடுக்க வேண்டும் என்றுதான் இருக்கிறது. அப்படியானால் வீட்டுக்காரர் எதைப் பார்த்துக் கொடுப்பது? எனக்கு முன்னால் இருந்த கேள்வி அதுதான்.

கடைசி இடத்தில் போய் உட்கார் என்பது தெரிந்தெடுக்க வழியுள்ளவருக்குச் சொன்னது. முன்னால் உட்காரத் தகுதியுண்டு என்று ஊர் ஒத்துக்கொண்ட ஒருவர் பின்னால் போய் உட்கார்ந்தால் அது பணிவு. கூட்டத்தில் முன்னால் போக ஒருநாளும் துணியாதவர் பின்னால் நிற்பதில் பணிவு எங்கே இருக்கிறது? அவர் நிற்கிற இடம் அவருக்கு ஏற்கனவே குறித்துவைத்த இடம். எந்தக் கல்யாணத்திலும் இப்படி நிற்கிறவர்களைப் பார்க்கலாம். சித்தப்பா வழியில் கொஞ்சம் நொடித்துப்போன குடும்பம் ஒன்று இருக்கும். பஸ்ஸில் வந்து இறங்கியிருப்பார்கள். “வாங்க, சாப்பிடப் போங்க” என்றால், “இருக்கட்டும், மத்தவங்க சாப்பிடட்டும், நாங்க அப்புறம் உட்காருதோம்” என்பார்கள். வீட்டுக்காரரும் அதை நல்ல குணம் என்று எடுத்துக்கொண்டு அடுத்தவரைக் கவனிக்கப் போய்விடுவார். அவர்கள் மூன்றாம் பந்தியில் சாப்பிடுகிறவருடைய நாற்காலிக்குப் பின்னால், அவர் ரசத்துக்கு வந்துவிட்டாரா, தயிருக்கு வந்துவிட்டாரா என்று இலையைப் பார்த்தபடி நிற்பார்கள். உட்கார்ந்திருப்பவருக்கும் முதுகில் அந்தப் பார்வை தெரியும், சோறு இறங்காது. இரண்டு பேருக்குமே அது சாப்பாடாக இருப்பதில்லை.

இதை நான் வெளியிலிருந்து பார்த்துச் சொல்லவில்லை. என் கணவர் போன பிறகு சொந்தக்காரர் கல்யாணங்களுக்குப் போனால், மாலை எடுத்துக் கொடுக்கவோ மணப்பெண் பக்கத்தில் நிற்கவோ யாரும் கூப்பிடுவதில்லை. நாங்கள் மூன்று தலைமுறைக் கிறிஸ்தவர்கள். விதவை முன்னால் வரக் கூடாது என்று எங்கள் சபையில் எந்தச் சட்டமும் கிடையாது. என்னைப் பின்னால் போகச் சொல்லி யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. நானாகப் போய் நின்றுகொள்வேன் என்று எதிர்பார்த்தார்கள், நானும் நின்றேன். பார்த்தவர்கள் அடக்கமான பெண் என்று சொல்லியிருப்பார்கள். அடக்கத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்று நின்றவளுக்குத் தெரியும். ஆகையால் இயேசுவின் கதையில் எனக்கு உயிரான இடம், வீட்டுக்காரர் எழுந்து கடைசி வரிசை வரைக்கும் நடந்து வருகிறாரே, அந்த இடம். அவர் நடந்து வராவிட்டால் கடைசியில் இருப்பவர் கடைசியிலேயே இருப்பார்.

பவுல் கொரிந்து சபைக்கு எழுதின முதல் நிருபத்தின் 11ஆம் அதிகாரமும் ஒரு பந்தித் தகராறுதான். கர்த்தருடைய பந்திக்கு என்று கூடுகிறார்கள். வசதியானவர்கள் முந்திச் சாப்பிட்டு, குடித்து வெறித்தும் விடுகிறார்கள், இல்லாதவர்கள் பசியோடு இருக்கிறார்கள். அந்தக் காலத்து ரோமானியர் வீடுகளில் சாப்பாட்டு அறை சிறியது. மூன்று சாய்மஞ்சங்கள், மஞ்சத்துக்கு மூவர், ஆக 9 பேர் என்பது வழக்கம். சபை பெரியது என்றால் மற்றவர்கள் முற்றத்தில்தான் இருந்திருக்க வேண்டும் என்று வேத ஆராய்ச்சியாளர் சிலர் சொல்கிறார்கள். அதாவது கொரிந்துவிலும் ஒரு தனி டைனிங் இருந்திருக்கிறது. பவுல் அதற்குச் சொல்லும் வழி மிகச் சின்னது: கூடிச் சாப்பிட வரும்போது ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள். காத்திருப்பதை ஏழையின் வேலையாக வைக்காமல் எல்லாருக்கும் பங்கு வைத்துவிடுகிறார்.

ரோமில் பிளினி என்ற பெரிய மனிதர், கிறிஸ்தவர் அல்லர், முதல் நூற்றாண்டில் பிறந்தவர். ஒரு வீட்டு விருந்தைப் பற்றி அவர் எழுதிய கடிதம் இருக்கிறது. அந்த வீட்டுக்காரர் திராட்சரசத்தை மூன்று தரமாகப் பிரித்து, தமக்கும் தமக்கு வேண்டிய சிலருக்கும் உயர்ந்ததை, சுமாரான நண்பர்களுக்கு மட்டமானதை, விடுதலை பெற்ற அடிமைகளுக்கு இன்னும் மட்டமானதை வைத்தார். பிளினி தம் வீட்டில் எல்லாருக்கும் ஒன்றே என்றும், செலவு கட்டுப்படியாகிறதே எப்படி என்று கேட்டவரிடம், அவர்கள் குடிப்பதையே நானும் குடிக்கிறேன் என்று விளக்கியதாகவும் எழுதுகிறார். படித்தபோது எனக்கு எங்கள் பக்கத்துக் கறிக்குழம்புதான் நினைவுக்கு வந்தது. திருநெல்வேலிக் கல்யாண வீடுகளில் யாரும் சத்தம் போட்டுச் சொல்லாத ஓர் உண்மை உண்டு. முதல் பந்திக்குக் கரண்டி அண்டாவின் அடி வரைக்கும் போய்க் கறியை அள்ளி வரும். இரண்டாம் பந்தியில் கறியும் எலும்பும். கடைசிப் பந்திக்குக் குழம்பும் உருளைக்கிழங்கும். யாரும் வேண்டுமென்று செய்வதில்லை. பரிமாறுகிறவர் கை முதலில் தாராளமாக இருக்கும், அப்புறம் பயந்து சுருங்கும். ஆனால் கடைசிப் பந்தியில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பாருங்கள். ஒவ்வொரு கல்யாணத்திலும் அதே ஆட்கள்தான்.

எங்கள் ஜில்லாவுக்கு இந்த விஷயத்தில் பெரிய சரித்திரம் இருக்கிறது, அதைச் சொல்லாமல் நான் மேலே போக முடியாது. வள்ளியூருக்குத் தெற்கே வடக்கன்குளம் கத்தோலிக்கத் திருக்குடும்ப ஆலயத்தை 19ஆம் நூற்றாண்டில் கட்டியபோது, வேளாளரும் நாடாரும் ஒரே கூடத்தில் உட்கார மாட்டார்கள் என்பதற்காக இரண்டு நீளக் கூடங்களைப் பக்கவாட்டில் சாய்த்து, முனையில் ஒன்றுசேரும்படி கட்டினார்கள். சேர்கிற முனையில் பலிபீடம். இரண்டு பக்கத்தாரும் பீடத்தைப் பார்க்கலாம். ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது. நடுவில் சுவர். பூசை ஒன்று, சாமியார் ஒருவர், அப்பம் ஒன்று. இருந்தும் கட்டட வரைபடத்திலேயே உட்காரும் இடம் பிரிந்துபோயிற்று. 1910இல் கௌசானல் சுவாமி காலத்தில் அந்தச் சுவரை இடித்தார்கள். சுவர் வேண்டும் என்றவர்கள் சென்னை உயர் நீதிமன்றம் வரைக்கும் போனார்கள். தனியாக உட்காருவதை உரிமையாகக் கேட்க முடியாது என்று 1917இல் தீர்ப்பு ஆயிற்று.

கத்தோலிக்கரைச் சொல்லிவிட்டு எங்களை விட முடியாது. தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் சீர்திருத்தச் சபைகளில் சாதிக்கொரு பக்கமாக உட்கார்ந்தார்கள். 1833இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் இனிச் சபைக்குள் சாதி வித்தியாசம் ஒன்றும் இருக்கக் கூடாது என்று சுற்றறிக்கை விட்டதும், பலர் ஆராதனைக்கு வருவதையே நிறுத்திவிட்டார்கள். சபையை விட்டாலும் இடத்தை விட மனம் வரவில்லை. அதற்குப் பிறகு மிஷனரிகள் ஒருவர் சாதியை விட்டாரா இல்லையா என்பதைத் தெரிந்துகொள்ள வைத்த சோதனை என்ன தெரியுமா? விசுவாசப் பிரமாணத்தை ஒப்புவிக்கச் சொல்லவில்லை. எல்லாரோடும் உட்கார்ந்து சாப்பிடச் சொன்னார்கள்.

பாளையங்கோட்டையிலிருந்து பஸ் ஏறினால் சீக்கிரம் போய்விடலாம் சேரன்மாதேவிக்கு. அங்கே வ.வே.சு. ஐயர் நடத்திய குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகள் இருவர் தனியாகச் சாப்பிட்டார்கள் என்பதில் தொடங்கிய சண்டை 1925இல் தமிழ்நாட்டு அரசியலையே திருப்பிவிட்டது. ஐயர் சாதி பார்த்துச் சாப்பிட்டவர் அல்லர். பெற்றோர் கேட்டுக்கொண்டார்கள், அவர் இணங்கினார். கேட்டவர்கள் மனம் கோணக் கூடாது என்ற நல்லெண்ணம்தான். மற்றப் பிள்ளைகளின் மனதை அந்த நல்லெண்ணம் கணக்கில் எடுக்கவில்லை. அவர் குருகுலப் பொறுப்பிலிருந்து விலகினார், அந்த ஆண்டு ஜூனிலேயே பாபநாசம் அருவியில் இறந்துபோனார். எனக்கு அவர்மேல் மதிப்பு உண்டு. அதனால்தான் இந்தச் சம்பவம் என்னை விடுவதில்லை. பந்தியைப் பிரிப்பதற்குக் கெட்டவர்கள் தேவையில்லை. ஒரு பக்கத்தார் சங்கடத்தை மட்டும் பார்க்கிற நல்லவர் ஒருவர் இருந்தால் போதும்.

எங்களிடம் வேறொரு வழக்கமும் இருக்கிறது, நல்ல வழக்கம். சிறு வயதில் நான் வளர்ந்தது சாயர்புரத்துப் பக்கம். பிரதிஷ்டைப் பண்டிகைக்கு அசனம் வைப்பார்கள். வீட்டுக்கு வீடு அரிசி வரும். ஆடு நேர்ந்துவிட்டவர்கள் ஆடு கொண்டுவருவார்கள். கோயில் வளவில் அடுப்பு வெட்டி ராத்திரி முழுக்கச் சமையல். சோற்றை வடித்து ஓலைப்பாயில் மலையாகக் கொட்டுவார்கள், அதிலிருந்து ஆவி கிளம்பும். மதியம் வெறும் தரையில் இலை. பனையேறி, பள்ளிக்கூட மேனேஜர், குருவானவர், பக்கத்து ஊர் இந்துக்கள், யார் பக்கத்தில் யார் என்று கிடையாது. வந்த வரிசைக்கு உட்கார வேண்டியதுதான். வர முடியாதவர்களுக்குத் தூக்குவாளியில் போகும். ஆதி சபையின் அன்பின் விருந்து இப்படித்தான் இருந்திருக்கும் என்று அப்பா சொல்வார். அசனத்தில் பக்கத்தில் உட்கார்ந்த அதே மனிதர்கள், ஒருவர் வீட்டுக் கல்யாணத்துக்கு இன்னொருவர் வரும்போது மட்டும் நாற்காலிக்குப் பின்னால் நிற்கிறார்கள். கோயில் வளவில் முடிகிற ஒன்று மண்டபத்தில் ஏன் முடியாது என்பதற்கு எனக்குத் தெரிந்த ஒரே பதில், அசனத்துக்கு வீட்டுக்காரர் கடவுள், மண்டபத்துக்கு நாம்.

என்னோடு வேலை பார்த்த டீச்சர் ஒருவரின் வீட்டுக் கல்யாணத்துக்குக் காயல்பட்டினம் போயிருந்தேன். பெண்கள் பகுதியில் சஹன் சாப்பாடு. பெரிய தட்டு ஒன்றைச் சுற்றிச் சிலர் தரையில் உட்கார்ந்து, அதே தட்டிலிருந்து சாப்பிடுவது. வட்டத்துக்கு முதல் இடமும் கிடையாது, கடைசி இடமும் கிடையாது. என் பக்கத்தில் இருந்த பாட்டி தன் பக்கத்துக் கறித்துண்டை எடுத்து என் பக்கம் தள்ளி வைத்தார்கள். முன்பின் தெரியாதவர். பணக்காரரைக் கூப்பிட்டு ஏழையை விட்டுவிடுகிற கல்யாண விருந்துதான் சாப்பாடுகளிலேயே மோசமானது என்று நபிமொழி ஒன்று உண்டு என்று அந்த டீச்சர்தான் எனக்குச் சொன்னார்கள். லூக்கா 14இல் இயேசு விருந்தாளியை விட்டு வீட்டுக்காரரிடம் திரும்பிச் சொல்வதும் அதுதான்: சிநேகிதரையும் சகோதரரையும் வசதியான அயலாரையும் கூப்பிட்டால் அவர்கள் திருப்பிக் கூப்பிட்டுவிடுவார்கள், கணக்கு முடிந்துவிடும், ஏழைகளையும் ஊனமுற்றவர்களையும் பார்வையற்றவர்களையும் கூப்பிடு, அவர்களால் திருப்பிச் செய்ய முடியாது.

நம் ஊரில் திருப்பிச் செய்வதற்கு நோட்டே இருக்கிறது. மொய் நோட்டை நான் குறைத்துப் பேச மாட்டேன். கையில் ஒன்றுமில்லாத எத்தனையோ வீடுகளில் பெண்ணைக் கரையேற்றியது மொய்தான். ஆனால் மொய் மேஜையைச் சாப்பாட்டுக் கூடத்து வாசலில் போடுகிற வழக்கம் எனக்குப் பிடிக்காது. எழுதிவிட்டு நேரே பந்திக்குப் போகிறவரும், எழுத ஒன்றும் இல்லாமல் அந்த மேஜையைத் தாண்டத் தயங்குகிறவரும் ஒரே மாதிரி உட்கார முடியாது. எங்கள் வீட்டுக் கல்யாணத்தில் அந்த மேஜையை மாடியில், மேடைக்குப் பக்கவாட்டில் போடச் சொன்னேன். சாப்பிடப் போகிற வழியில் எதுவும் இல்லை.

கண்ணாடிக் கதவு அறைக்கு வருகிறேன். சம்பந்தியம்மாவிடம் நேரில் போய்ப் பேசினேன். மாப்பிள்ளை வீட்டாருக்குச் செய்கிற மரியாதையைக் குறைக்கிறேன் என்று அவர்கள் நினைத்துவிடக் கூடாது. கல்யாணத்தில் அது சின்ன விஷயமில்லை.

“மைனி, உங்களைத் தனி ரூம்ல உட்கார வைக்காம ஹால்ல உட்கார வைக்கலாம்னு இருக்கேன். குறையா நினைக்கக் கூடாது.”

அவர்கள் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, “எங்க வீட்டு ஆம்பளைய ஏதாவது சொல்லுவாங்க. நீங்க கூடவே வந்து பரிமாறுனா அவங்க வாயைத் திறக்க மாட்டாங்க” என்றார்கள். மரியாதை என்பது குளிரூட்டிய அறையில் இல்லை, கூட வந்து நிற்கிற ஆளில் இருக்கிறது என்பது அந்த அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. முதல் பந்தியில் அவர்கள் வீட்டார் நடுவரிசையில் உட்கார்ந்தார்கள், நான் பரிமாறினேன்.

அந்த அறை சும்மா இருக்கவில்லை. கூட்டத்தில் இடிபட முடியாதவர்கள் யார் என்று பார்த்தால், ஆபீசர்கள் நன்றாக இடிபடுவார்கள், அவர்களுக்கு நடு வயது, நல்ல உடம்பு. முடியாதவர்கள் வேறு: சக்கர நாற்காலியில் வந்த என் பெரியம்மா, மடியில் கைக்குழந்தையோடு வந்த பெண்கள், சர்க்கரை வியாதிக்காரர்கள், பார்வையற்றோர் பள்ளியில் என்னோடு பழக்கமான இருவர். அவர்களை அந்த அறையில் முதலில் உட்கார வைத்தோம். பாளையங்கோட்டையில் 19ஆம் நூற்றாண்டிலேயே பார்வையற்ற பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் தொடங்கிய ஆஸ்க்வித் அம்மையாரின் ஊர் இது. பார்வையற்றவர்களைக் கூப்பிடு என்று இயேசு சொன்னதை இங்கே ஒருவரும் உவமை என்று தள்ளிவிட முடியாது. ஆபீசர்கள் ஹாலில் சாப்பிட்டார்கள். ஒருவரும் முகம் சுளிக்கவில்லை.

பந்தி விசாரிக்க என் அண்ணனையும் என்னிடம் படித்த ஒரு பையனையும் நிறுத்தினேன். அவர்களுக்குச் சொன்ன வேலை ஒன்றே: “அப்புறம் சாப்பிடுதோம்” என்று யார் சொன்னாலும் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் உட்கார வை. அண்ணன் முதலில் முணுமுணுத்தான். பிறகு சித்தப்பா வழிக் குடும்பத்தைக் கூட்டிப் போய், ஐந்து நாற்காலி சேர்ந்தாற்போல் கிடைக்கும் வரைக்கும் நின்று உட்கார வைத்தது அவன்தான்.

சமையல் மாஸ்டரிடம் முதல்நாள் ராத்திரியே பேசிவிட்டேன். கறிக்குழம்பை நாலாகப் பிரித்து நாலு அண்டாவில் வைக்க வேண்டும், ஒரு பந்தி அண்டாவிலிருந்து இன்னொரு பந்திக்கு எடுக்கக் கூடாது. அவர் அனுபவசாலி. “முதல் பந்தியில குறைஞ்சிருச்சுன்னு சத்தம் வரும், டீச்சர்” என்றார். வரட்டும் என்றேன். முதல் பந்தியில் சத்தம் வந்தால் எனக்குக் கேட்கும். கடைசிப் பந்தியில் யாரும் சத்தம் போட மாட்டார்கள்.

இன்னொன்று ஜெபம். எங்கள் கல்யாணங்களில் முதல் பந்திக்குக் குருவானவர் நின்று ஜெபம் பண்ணுவார், எல்லாரும் கண்ணை மூடுவார்கள், ஆமென் சொன்ன பிறகுதான் சோற்றில் கை வைப்பார்கள். இரண்டாம் பந்தியிலிருந்து அது கிடையாது. இலை விழும், சோறு விழும், சாப்பிட வேண்டியதுதான். நான் அறிந்த வரையில் இது எங்கும் இப்படித்தான், யாரும் இதை யோசித்ததாகத் தெரியவில்லை. முதல் 200 பேருடைய உணவைத்தான் கடவுள் ஆசீர்வதிக்க வேண்டுமா? குருவானவரிடம் சொன்னேன். அவர் உடனே புரிந்துகொண்டார். ஒவ்வொரு பந்திக்கும் வந்து நின்று ஜெபித்தார்; சாப்பிடாமல் நாலாம் பந்தி வரைக்கும் இருந்தார்.

நாலாம் பந்தியில் வேன் டிரைவர்கள், போட்டோக்காரர்கள், சீரியல் விளக்குப் போட்ட பையன்கள், கோயிலைக் கவனித்துக்கொள்கிற கோயில்குட்டியார் குடும்பம், சமையல்காரர்கள், இலை எடுத்த பெண்கள் எல்லாரும் உட்கார்ந்தார்கள். இலை எடுக்கிற பெண்களை உட்கார வைப்பதுதான் கஷ்டமாக இருந்தது. பின்வாசல் திண்ணையில் தட்டில் வாங்கிச் சாப்பிட்டே பழகியவர்கள். “எங்க சேலை எல்லாம் குழம்பா இருக்கும்மா, நாங்க இப்படியே இருந்துக்கிடுதோம்” என்றார்கள். அவர்களுக்கு என் மகள் இலை போட்டாள், மாப்பிள்ளை தண்ணீர் ஊற்றினார். ஒரு அம்மா சாப்பிடும்போது இலையின் ஓரத்தை இடது கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டே இருந்தார்கள். நாள் முழுக்க மற்றவர் இலையைச் சுருட்டி எடுத்த கை. தன் இலையை யாராவது எடுத்துவிடுவார்களோ என்று பயந்தமாதிரி இருந்தது.

கடவுள் முன்னால் எல்லாரும் சமம் என்று சொல்வது லேசு. அதில் யாருக்கும் செலவில்லை. ஒரு குடும்பம் அதை உண்மையில் நம்புகிறதா என்பது, எல்லாருக்கும் ஒரே நேரத்தில் இடம் இல்லாதபோது யாரைக் காக்க வைக்கிறது என்பதில் தெரிந்துபோகும். மரியாதையை ஒழிக்கச் சொல்லவில்லை. முதல் இடம் இருக்கட்டும். அது பதவிக்குப் போக வேண்டாம், தேவைக்குப் போகட்டும். திருப்பிச் செய்யக்கூடியவருக்குப் போக வேண்டாம், முடியாதவருக்குப் போகட்டும் என்றுதான் நான் லூக்காவைப் படிக்கிறேன்.

வருகிற தை, மாசியில் நிறைய வீடுகளில் கல்யாணம் இருக்கும். மண்டபம் பார்க்கப் போகும்போது அந்தக் கண்ணாடிக் கதவைத் திறந்து காட்டுவார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிடாதீர்கள். உங்கள் சொந்தத்தில் நடக்க முடியாதவர் யார், பிள்ளை பெற்று வந்திருப்பவர் யார், நேரத்துக்குச் சாப்பிட்டாக வேண்டியவர் யார் என்று ஒரு பட்டியல் எழுதி அங்கேயே மேனேஜர் கையில் கொடுத்துவிடுங்கள். கல்யாண வீட்டார் யாரைச் சொல்கிறார்களோ அவர்களைத்தான் உட்கார வைப்பார்கள்.